ராத்திரி ஏழரைக்கு வீட்டுக்கு வந்து எட்டரைக்குள் என்ன சமைப்பது? (தோசை தவிர)

ஊசிநூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக் கணக்குப் பார்க்கிறேன். ஆறரைக்கு விடுவார்கள் என்று பேர். ஷிப்மென்ட் வாரமென்றால் ஏழு. பஸ், அப்புறம் கொஞ்சம் நடை, வீட்டுக்குள் நுழைய ஏழரை ஆகிவிடும். வீட்டில் அத்தை (மாமியார், வயது 67, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை), மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இரண்டாம் ஷிப்ட், பதினொன்றரைக்குத்தான் வருவார். அவருக்கும் எடுத்து வைக்க வேண்டும்.

காலைச் சமையலில் பிரச்சினை இல்லை. ஐந்தரைக்கு எழுந்து சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று முடித்து டிபன் பாக்ஸ் கட்டிவிடுகிறேன். மாட்டிக்கொள்வது ராத்திரிதான். போன வாரம் என்ன சாப்பிட்டோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், கணக்குப் பிள்ளை புத்தி. திங்கள் தோசை, பொடி. செவ்வாய் தோசை, தக்காளிச் சட்னி. புதன் கடையில் பரோட்டா. வியாழன் ரவை உப்புமா. சின்னவன் தொடவே இல்லை, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். வெள்ளி மறுபடியும் தோசை, பொடி. சனி காலைக் குழம்பும் மிச்சச் சோறும். ஞாயிறு, வேறென்ன, தோசை.

தோசை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த மாதம் இரண்டு விஷயம் நடந்துவிட்டது. மகள் எப்போதும் சோர்வாக இருக்கிறாள் என்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.2. இரும்புச்சத்து சிரப் எழுதிக்கொடுத்த டாக்டர், "ராத்திரி என்னம்மா சாப்பிடுவா?" என்றார். தோசை என்றேன். "தொட்டுக்க?" பொடி என்றேன். அவர் திட்டவில்லை, சும்மா எழுதிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே வாரம் அத்தைக்குச் சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரை 258.

என்னிடம் இருப்பது: இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, ஐந்து லிட்டர் ஒன்று, மிக்ஸி, சின்ன ஃபிரிட்ஜ். அசைவம் சாப்பிடுவோம், செவ்வாய் வெள்ளி தவிர. சின்னவனுக்குச் சுரைக்காய், கத்தரிக்காய் ஆகாது. பெரியவள் கீரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தட்டைக் கழுவும்போது எனக்குத் தெரியாமல் கொட்டுவாள் (எனக்குத் தெரியும்). அத்தைக்குக் கடைவாய்ப் பல் இல்லை, மெத்தென்று இருக்க வேண்டும், எட்டரைக்கு மேல் சாப்பிட மாட்டார். ஒரே ஒரு ஆறுதல், சாயங்காலம் ஆறரைக்கு அத்தையே பிள்ளைகளுக்கு டீயும் வர்க்கியும் கொடுத்துவிடுவதால் நான் வரும்போது பசியென்று அழுகை இருக்காது.

"காலையில் நாலு மணிக்கு எழுந்துகொள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டுமானால் ஒதுக்கலாம், அதற்கு மேல் அன்று எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது.


ஆனைமலைக்காரி எழுதியது:

திருப்பூரில் இருந்துகொண்டு அரிசி பருப்புச் சோறு பட்டியலில் இல்லையே கண்ணு! அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு மலையாளி டீச்சரே எங்கள் வீட்டுக்கு வருவார்.

உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் அளவு மாற்றிச் சொல்கிறேன். வழக்கமாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்புப் போடுவோம். ராத்திரிக்கு, அதுவும் சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டுக்கு, அதை மாற்றுங்கள்: அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர். வீட்டுக்குள் வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் இரண்டையும் சேர்த்துக் கழுவிச் சுடுதண்ணீரில் போட்டுவிடுங்கள். நீங்கள் சேலை மாற்றி வருவதற்குள் கால் மணி நேரம் ஊறியிருக்கும்.

ஐந்து லிட்டர் குக்கரிலேயே கடலெண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், நாலு மிளகு தட்டியது, வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் இருபது, அரிய வேண்டாம், இரண்டாகக் கிள்ளினால் போதும். பூண்டு எட்டுப் பல். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி இரண்டு, மஞ்சள்தூள், வீட்டு சாம்பார்ப் பொடி ஒன்றரை ஸ்பூன், உப்பு. பருப்பு கூடினதால் தண்ணீர் ஐந்து டம்ளர், கொஞ்சம் குழைந்தே இருக்கட்டும், அத்தைக்கு அதுதான் வசதி. தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு மூடுங்கள். நாலு விசில். பிரஷர் தானாக அடங்கட்டும். மேலே நெய் ஒரு ஸ்பூன்.

பொரியல் எல்லாம் தேவையில்லை. சோற்றோடு சேர்த்தே ஒரு கை பீன்ஸ், கேரட், அவரைக்காய் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். இன்னொரு அடுப்பில் முட்டை அவித்துக்கொள்ளலாம். மொத்தம் 35 நிமிஷம், அதில் நீங்கள் நின்று செய்கிற வேலை 12 நிமிஷம்தான். பாக்கி நேரம் சின்னவன் வீட்டுப்பாடம்.

உங்கள் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்து, ஈரமில்லாமல் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வியாழன் வரை தாங்கும். டிவி பார்த்துக்கொண்டே அத்தையிடம் கொடுத்தால் அவரே உரித்துவிடுவார். என் மாமியாருக்கு அது பிடித்த வேலை, வேண்டாமென்று வாங்கினால்தான் கோபம் வரும்.


கரிச்சட்டி எழுதியது:

வணக்கம் சகோதரி. அம்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். மனைவி செவிலியர், வாரத்தில் நாலு நாள் நைட் டியூட்டி. இரண்டு பையன்கள். ராத்திரிச் சமையல் ஒன்பது வருஷமாக என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் வெந்நீர்கூட வைத்ததில்லை, அதனால் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

ஏழரை மணிக்குச் சமையலறைக்குள் போய் "என்ன செய்வது" என்று நின்றால் பதில் எப்போதும் தோசைதான். ஏனென்றால் அந்த நேரத்தில் தயாராக இருக்கிற ஒரே பொருள் மாவு. தோசையை ஜெயிக்க வேண்டுமென்றால் மாவு மாதிரியே தயாராக இன்னொன்று இருக்க வேண்டும். என் வீட்டில் அது ஊறிய பயறு. காலையில் டிபன் பாக்ஸ் மூடும்போதே ஒரு டப்பாவில் ஏதோ ஒன்றை ஊறப் போட்டுவிடுவேன். அதற்கு ஆகிற நேரம் முப்பது விநாடி. திங்கள் பச்சைப்பயறு, செவ்வாய் கருப்புக் கொண்டைக்கடலை, புதன் அடைக்கு. இதில் ஒரு எச்சரிக்கை: பருப்பு வகையை 12 மணி நேரம் வெளியே ஊறவைத்தால் ஏப்ரல், மே மாதத்தில் நுரைத்துவிடும். முதல் வருஷம் அப்படித்தான் ஒரு நாள் மூடியைத் திறந்ததும் பெரியவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். ஃபிரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள், ஒன்றும் ஆகாது.

பச்சைப்பயறு ஊறியிருந்தால் மூன்று விசில். எங்கள் வீட்டில் அதை இரண்டாகப் பிரிப்பேன். பாதியைத் தேங்காய், மாங்காய் போட்டுச் சுண்டல். மீதியை இரண்டு வெங்காயம், இரண்டு தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் மல்லித்தூள் போட்டு மசித்துக் குழம்பு. அதற்குச் சப்பாத்தியும் சரி, சோறும் சரி. ஊறிய பச்சைப்பயறை வேகவைக்காமல் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து அப்படியே ஊற்றினால் பெசரட்டு. புளிக்க வேண்டியதில்லை. சின்னவனிடம் "பச்சை தோசை" என்று சொல்லிப் பாருங்கள். தோசை என்ற பேர் இருப்பதால் கேள்வி கேட்கமாட்டான்.

அடைக்கு என் அளவு: இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, பாசிப்பருப்பு கால், உளுந்து ஒரு கைப்பிடி. வரமிளகாய், சோம்பு, பெருங்காயம். மிக்ஸியில் கரகரப்பாக ஐந்து நிமிஷம். துருவிய கேரட், முருங்கைக்கீரை, வெங்காயம் எது வேண்டுமானாலும் கலக்கலாம். மாவை அன்றே தீர்த்துவிடுங்கள்.

புரதக் கணக்கும் சொல்கிறேன், நீங்கள் கணக்கு ஆள் அல்லவா. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு எதுவானாலும் 100 கிராமில் சுமார் 22 முதல் 24 கிராம் புரதம். அரிசியில் 7, 8தான். ஐந்து பேர் வீட்டில் 100 கிராம் பருப்பைப் பிரித்தால் ஆளுக்கு நாலரை கிராம்தான் வரும். கூடவே ஒரு முட்டை என்றால் இன்னும் ஆறு. அதனால்தான் ஆனைமலைக்காரி அக்கா சொன்ன மாதிரி பருப்பு கூட இருக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். தண்ணியாக வைத்த சாம்பாரில் ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்பு போகும் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள்.


பழைய_அமைப்பாளர் எழுதியது:

நான் சத்துணவு மையத்தில் 28 வருஷம் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் கரூர்ப் பக்கம். 1982ல் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கியபோது நான் பாவாடை தாவணி. பின்னால் அதுவே எனக்குச் சோறு போட்டது. 140 பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு ஊட்டுவது என்று தெரியும், அதனால் இரண்டு பிள்ளைக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேலே இரண்டு பேரும் சமையல் சொன்னார்கள், நல்லாச் சொன்னார்கள். ஆனால் தங்கச்சி, உன் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது, அதை நீயே ஆறுதல் என்று எழுதியிருக்கிறாய். ஆறரைக்கு டீயும் வர்க்கியும். அதை மறுபடி படித்துப் பார். பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். மைதாவும் டால்டாவும் சர்க்கரையும் வயிற்றில் போன பிறகு எட்டரைக்கு நீ பஞ்சாமிர்தம் வைத்தாலும் இறங்காது. உப்புமாவை அவன் தொடாததற்கு உப்புமா காரணமில்லை.

இன்னொன்று. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரை, பருப்பு, தானியம் இதில் இருக்கிற இரும்பு ஏற்கெனவே கொஞ்சம்தான் சேரும், அதோடு டீ போனால் அதுவும் குறையும். சிரப்பை எப்போது கொடுக்கிறாய்? டீக்கோ பாலுக்கோ பக்கத்தில் கொடுக்காதே. டாக்டர் சொன்ன நேரத்தில் கொடு. சொல்லவில்லை என்றால் கேள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இதெல்லாம் சாப்பாட்டோடு இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். கீரைக் கூட்டில் இறக்கும்போது அரை எலுமிச்சை பிழிகிறது ருசிக்கு மட்டுமில்லை.

அதனால் ஆறரைச் சாப்பாட்டைச் சாப்பாடாக்கு. தம்பி சொன்ன சுண்டலை அந்த நேரத்துக்கு வை. நீ காலையிலேயே வேகவைத்துத் தண்ணீர் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், உங்க அத்தை தாளிச்சுக் கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை, மாற்றி மாற்றி. அதைத் தின்றுவிட்டார்கள் என்றால் எட்டரைக்கு ஒரு தோசை போதும், நீ தோசை ஊற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மகளுக்கு: ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி கேள். ஆட்டு மண்ணீரல். எங்கள் காலத்தில் வயசுக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காத வீடு கிடையாது. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வதக்கினால் பத்து நிமிஷம். கடைக்காரர் முதலில் வருகிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதானே, முந்தின நாளே சொல்லிவை. கிடைக்காவிட்டால் ஈரல்.

அத்தைக்கு: ராகிக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேலே, அது உண்மை. ஆனால் மாவைக் கரைத்துக் கஞ்சியாக மூன்று டம்ளர் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு கிண்ணம் பருப்பும் காயும் முதலில் சாப்பிடச் சொல், சோறோ தோசையோ அதற்கப்புறம். சாப்பாட்டை இப்படி மாற்றினால் மாத்திரை கொடுக்கிற டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சோறு குறைந்து மாத்திரை அப்படியே இருந்தால் சர்க்கரை இறங்கிப்போகவும் வாய்ப்பிருக்கிறது.


ரெண்டாம்_ஷிப்ட் எழுதியது:

கீரையை ராத்திரியில் சாப்பிடக்கூடாது என்பார்களே அம்மா? அடையில் முருங்கைக்கீரை கலக்கச் சொல்கிறார் அம்பத்தூர் அண்ணன். எங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

அப்புறம் கேள்வி கேட்ட அக்காவுக்கு ஒரு விஷயம். நானும் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வருகிறவன்தான், உங்கள் வீட்டுக்காரர் தரப்பில் பேசுகிறேன். எட்டு மணிக்குச் சமைத்த சோற்றைக் குக்கரிலேயே மூடி மேடையில் வைத்துவிடாதீர்கள். அரிசியில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகும். வெயில் காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க நான் வாந்தி எடுத்திருக்கிறேன், அதற்கப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்று நல்ல ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்கப் போடுங்கள், அல்லது ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நாங்கள் வந்து நன்றாகச் சூடு பண்ணிக்கொள்வோம். அந்த அளவுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு அடை மாவு இருந்தால் போதும். ஒன்றே ஒன்று ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன்.


பழைய_அமைப்பாளர் எழுதியது:

தம்பி, கீரை ராத்திரி ஜீரணமாகாது என்பது பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு வேண்டுமானால் சரியாக இருக்கலாம். விளக்கு இல்லாத காலத்தில் கீரையில் புழு பூச்சி தெரியாது என்பதாலும் சொல்லியிருப்பார்கள், அது என் ஊகம். எட்டு மணிக்கு அடையில் ஒரு கைப்பிடி போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்றால் அதற்காகச் சண்டை போடாதே. கீரையைக் காலைப் பொரியலுக்கு மாற்றிவிடு. கீரை எந்த வேளையில் வயிற்றுக்குள் போனாலும் கீரைதான்.

முருங்கைக்கீரை உருவ நேரமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு: கொத்தை அப்படியே செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடு. காலையில் பிரித்து உதறினால் பெரும்பாலான இலை தானாக உதிர்ந்திருக்கும். மையத்தில் நாங்கள் சாக்கில் கட்டி வைப்போம்.


குளச்சல்_காற்று எழுதியது:

யாரும் மீனைச் சொல்லவில்லையே. உலகத்திலேயே சீக்கிரம் வேகிறது மீன்தான். நெத்திலி கொதிக்கிற குழம்பில் போட்டால் ஐந்து நிமிஷம். சுத்தம் செய்வதுதான் வேலை. திருப்பூரில் பச்சை நெத்திலி நல்லதாகக் கிடைக்குமா தெரியாது, ஆனால் நெத்திலிக் கருவாடு கிடைக்கும். தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசினால் உப்பு போய்விடும். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கூட. மீன் இல்லாத நாளில் நாங்கள் மீன் குழம்பு மாதிரியே புளி, மிளகாய், தேங்காய் அரைத்து ஊற்றி, கொதிக்கும்போது முட்டையை உடைத்து விடுவோம். கரண்டி போடாமல் மூடி வைக்க வேண்டும், கலக்கினால் போச்சு.


ஊசிநூல் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடிக்க மனமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அரிசி பருப்புச் சோறு முதல் நாளே ஜெயித்தது. எனக்குத் தெரிந்த சோறுதான். கல்யாணமான புதிதில் ஒரு முறை அடிபிடித்து, அத்தை ஏதோ சொல்ல, அதற்கப்புறம் அதன் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் கொதித்த பிறகு அரிசி போடச் சொன்னீர்களே ஆனைமலைக்காரி அக்கா, அதில்தான் விஷயம் இருந்திருக்கிறது. முக்கால் டம்ளர் பருப்பு சின்னவனுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, "பருப்புச் சேறு" என்று பேர் வைத்துவிட்டான். ஆனால் தட்டு காலி. வாரத்தில் இரண்டு நாள் இதுதான்.

அடையில் தோற்றேன். முதல் தடவை தடிமனாக ஊற்றி, நடுவில் வேகாமல், பெரியவள் ஓரத்தை மட்டும் சுற்றித் தின்றுவிட்டு நடுவட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை நடுவில் துளை போட்டு அதில் எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து மூடி வைத்தேன், சரியாக வந்தது. அத்தைக்குக் கடிக்க முடியவில்லை. அவருக்கு மட்டும் அதே மாவில் தண்ணீர் சேர்த்து மெல்லிசாக ஊற்றிக் கொடுக்கிறேன். பெசரட்டு "பச்சை தோசை" என்ற பேரில் ஓடுகிறது. அம்பத்தூர் அண்ணனின் தந்திரம் பலித்தது.

டீ விஷயம்தான் கஷ்டமாகிவிட்டது. அமைப்பாளர் அம்மா எழுதியதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அத்தையிடம் "பிள்ளைகளுக்கு இனி டீ வேண்டாம், டீதான் ரத்தம் குறையக் காரணம்" என்று நேராகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் இரண்டு நாள் பேசவில்லை. "அவங்கப்பனும் இந்த டீயைக் குடிச்சுத்தான் வளர்ந்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மூன்றாம் நாள் நான் எதுவும் பேசாமல், வேகவைத்த கொண்டைக்கடலை டப்பாவை அவர் முன்னால் வைத்து, "எனக்குத் தேங்காய் துருவ நேரமில்லை, சாயங்காலம் தாளிச்சுடறீங்களா?" என்று கேட்டேன். அன்று நான் வரும்போது வாசலிலேயே கடுகு, பெருங்காய வாசம். சின்னவன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான். இப்போது என்ன பயறு என்று அத்தையே தீர்மானிக்கிறார், நேற்று மொச்சை. டீ அவருக்கு மட்டும். வர்க்கி சனிக்கிழமை மட்டும். அதில் ஒன்றைப் பெரியவளுக்குத் தனியாக எடுத்து வைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன்.

சுவரொட்டி ஒரு ஞாயிறு கிடைத்தது. பெரியவள் என்னவென்று கேட்டாள், ஈரல் மாதிரி என்றேன். நாலு துண்டு தின்றாள். அடுத்த ஞாயிறு கடைக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரருக்கு ஹாட்பாக்ஸ் வாங்கியாகிவிட்டது. மறு பரிசோதனை அடுத்த மாதம்தான், அதனால் எண் எதுவும் சொல்ல முடியாது. அத்தையின் டாக்டரிடம் சாப்பாடு மாறியதைச் சொன்னேன், மாத்திரை அப்படியே இருக்கட்டும், வீட்டு மெஷினில் வாரம் இரண்டு முறை பார்த்து எழுதிக்கொண்டு வா என்றார். ஒரு பழைய பேக்கிங் லிஸ்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

தோசை இப்போது வாரத்தில் இரண்டு நாள். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷிப்மென்ட் வாரத்தில்.

ஒரு சந்தேகம்: பச்சைப்பயறை முளைகட்ட வைத்தால் இரண்டாம் நாள் ஒரு மாதிரி வாடை வருகிறது. துணியில் கட்டித்தான் வைக்கிறேன். எங்கே தப்பு?


கரிச்சட்டி எழுதியது:

துணி ஈரம் அதிகம். ஊறிய பயறை இரண்டு தண்ணீரில் அலசி, நன்றாக வடித்து, துணியை முழுக்கப் பிழிந்த பிறகு கட்டுங்கள். சொட்டக் கூடாது. மூடின டப்பாவுக்குள் வைக்காமல் வடிதட்டில் காற்றுப்பட வையுங்கள், கீழே ஒரு தட்டு. வெயில் நாளில் 12 மணி நேரத்தில் வால் வந்துவிடும், அந்த நிமிஷமே ஃபிரிட்ஜுக்கு. பச்சையாகக் கொடுக்காதீர்கள், ஒரு விசிலாவது விடுங்கள். இரண்டாம் நாள் வரை வெளியே வைக்கவே வேண்டாம்.